மதியம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி?

சித்தப்பா மகன் போன மார்ச்சில் வோக்ஸ்வாகனின் பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்றை வாங்கினான். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய மறுநாளே வாட்ஸாப்பில் மூன்று விலைகள் வந்தன. பவரைக் கூட்ட மாட்டும் ட்யூனிங் பாக்ஸ் 18,000. என்ஜின் மென்பொருளை மாற்றி எழுதும் ஸ்டேஜ் ஒன் ரீமேப் 35,000. பெங்களூரில் டைனோ (பவரை அளக்கும் உருளை) மேல் ஏற்றி இந்த வண்டிக்கென்றே எழுதும் மேப் 55,000. கீழே ஒரு வரி: “எது அண்ணா பண்ணலாம்?”

நான்காவதாக நான் ஒன்றைச் சேர்த்தேன். மென்பொருளை இப்போதைக்குத் தொடாமல், வண்டியையும் பெட்ரோலையும் மட்டும் சரிசெய்வது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. பணம் கொடுத்தால் ஏதாவது ஒரு பொருள் கைக்கு வர வேண்டும் என்று நினைக்கிற வயது.

அவன் கேட்டது பவரைப் பற்றி. ஆனால் இந்த நான்கு வழியும் கடைசியில் போய் முட்டுவது இக்னிஷன் டைமிங்கில்தான், பிளக் எப்போது பொறி விடுகிறது என்பதில். எங்கள் ஊரில் டிகிரி என்றால் இரண்டு: பொறி எத்தனை டிகிரி முன்னால் விழுகிறது என்பது ஒன்று, வெயில் எத்தனை டிகிரி என்பது இன்னொன்று. இரண்டாவது ஏறினால் முதலாவது இறங்கும். வேலூரை வெயிலூர் என்று கேலி செய்பவர்களுக்கு அதன் மெக்கானிக்கல் அர்த்தம் தெரியாது.

பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பிளக் பொறியை விட்டாக வேண்டும், ஏனென்றால் கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கும். 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஒரு மில்லி வினாடிக்கு 18 டிகிரி சுற்றிவிடுகிறது. எரிதல் முடியச் சில மில்லி வினாடி ஆகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கும்போது சிலிண்டரின் அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் கிராங்குக்கு நல்ல தள்ளு கிடைக்கும். அதற்கேற்பப் பொறியை முன்னால் தள்ளினால் அட்வான்ஸ், பின்னால் இழுத்தால் ரிடார்ட். சும்மா எண்பதில் போகும்போது முப்பது டிகிரிக்கு மேலும் அட்வான்ஸ் இருக்கும். முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் காற்றை அடைக்கும்போது, அது பத்து டிகிரியைச் சுற்றி வந்துவிடும், சில சமயம் அதற்கும் கீழே.

ஏன் அவ்வளவு குறைவு? டர்போ அடைத்துத் தரும் காற்று ஏற்கெனவே சூடு, அடர்த்தி. சுடர் பிளக்கிலிருந்து பரவி வருவதற்குள், ஓரத்தில் காத்திருக்கும் கலவை தானாகவே பற்றி வெடிக்கும். அதுதான் நாக்கிங். டர்போ இல்லாத என்ஜினில் பல நேரம் அதிகபட்ச இழுவை தரும் டைமிங்கைத் தொட்டுவிடலாம். டர்போவில் அங்கே போகும் வழியிலேயே நாக்கிங் மறித்துக்கொள்ளும். அம்பாசிடர் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, வண்டியை மேட்டில் ஏற்றி, லேசாகத் தட்டும்வரை திருப்பி, அப்புறம் ஒரு மயிரிழை பின்னுக்கு வைத்து இறுக்குவார்கள். காட்பாடி பக்கம் நான் போகும் மெக்கானிக் பாய் காதாலேயே அதைச் செய்தவர். இப்போது அந்தக் காது என்ஜின் பிளாக்கில் ஒரு நட்டு போல உட்கார்ந்திருக்கிறது: நாக் சென்சார். சுமார் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் அதிர்வைக் கேட்டதும் ஈசியூ (என்ஜினை ஆளும் கணினி) சில டிகிரிகளைச் சட்டென்று பிடுங்கிக்கொள்ளும். அப்புறம் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும்.

இங்கேதான் வேலூர் வருகிறது. ஒரு சின்னக் கணக்கு. வெளியே 25 செல்சியஸ், டர்போ காற்றை 1.8 மடங்கு அழுத்துகிறது, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் வெளியேறும் காற்று நூறைத் தாண்டும். சுமாரான இன்டர்கூலர் (அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) அதை 48க்குக் கொண்டுவரும். வெளியே 40 என்றால் கம்ப்ரசரை விட்டு வரும்போது 120, இன்டர்கூலருக்குப் பிறகும் 64. கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று வெந்த பிறகு மிதித்தால் இன்னும் மேலே. ஈசியூவின் அட்டவணையிலேயே காற்று சூடானால் டைமிங்கைக் குறை என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் நாக் சென்சார் வேறு பிடுங்கும். அப்படியானால் கம்பெனி கொடுத்த பவரில் ஒரு பங்கு ஏப்ரல், மே மாத மதியங்களில் நமக்குக் கிடைப்பதே இல்லை. வேலூரில் ட்யூனிங் பற்றி யோசிப்பவர் முதலில் அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னிடம் இருப்பது லீனியா டி-ஜெட், 1.4 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், 207 நியூட்டன் மீட்டர். சில வருடங்களுக்கு முன் அதில் ஒரு ட்யூனிங் பாக்ஸ் மாட்டினேன். மாட்டிய இரவு பள்ளிகொண்டா டோல் வரை போய் வந்தேன், சொர்க்கம். மே மாதம் குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பினோம். ஏசி முழு வேகத்தில், டிக்கி நிறையச் சாமான். ஆம்பூர் தாண்டி ஒரு லாரியை முந்த மிதித்தபோது டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். அம்மா கேட்டது: “என்னப்பா, வண்டி பல்லைக் கடிக்குது?” திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போலப் புள்ளிகள். பாய் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இது கரி இல்ல தம்பி, பிஸ்டன்” என்றார். நாக்கிங்கில் பிஸ்டனின் உலோகமே பொடியாகத் தெறித்திருக்கிறது.

அந்தப் பெட்டி என்ன செய்தது என்று அப்புறம்தான் புரிந்தது. அது டைமிங்கைத் தொடவே இல்லை. பூஸ்ட் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்கிறது. உள்ளே அழுத்தம் 1.8 பார் இருந்தால் 1.65 என்கிறது. ஈசியூ “போதவில்லையே” என்று டர்போவை இன்னும் தள்ளுகிறது. விபரீதம் அடுத்த படியில். ஈசியூ டைமிங்கைத் தேர்ந்தெடுப்பது என்ஜின் சுமையைப் பார்த்து. சுமை குறைவு என்று நம்பினால் அட்டவணையில் குறைந்த சுமைக்கான கட்டத்துக்குப் போகும். அங்கே அட்வான்ஸ் அதிகம். அதாவது பூஸ்ட் ஏறி டைமிங்கைக் குறைக்க வேண்டிய நேரத்தில் அது கூடுகிறது. மிச்சத்தை நாக் சென்சார் பிடித்துத் தாங்க வேண்டும். குளிர்ந்த இரவில் தாங்கிவிடும், அதனால்தான் பள்ளிகொண்டாவில் சொர்க்கம். பல சென்சார்களையும் சேர்த்துக் கையாளும் விலை உயர்ந்த பெட்டிகள் உண்டு. ஆனாலும் டைமிங் அட்டவணை உங்கள் கைக்கு வராது. பெட்டிக்கு ஒரே ஒரு நல்ல குணம்: பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். நான் கழற்றினேன். தம்பியின் பட்டியலில் இதை முதலிலேயே அடித்துவிட்டேன்.

ஸ்டேஜ் ஒன் ரீமேப் அப்படிப் பொய் சொல்வதில்லை. ஓபிடி போர்ட் (வண்டியைச் சோதிக்கும் கணினியை மாட்டும் இடம்) வழியாக ஈசியூவின் அட்டவணைகளையே மாற்றுகிறார்கள்: பூஸ்ட் இலக்கு, எரிபொருள், டைமிங், டார்க் (இழுவை) வரம்பு எல்லாம். நல்லவர் எழுதினால் நல்ல பொருள். சிக்கல், அந்தக் கோப்பு எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்பதில். பலரும் விற்பது ஐரோப்பாவில் உருவான கோப்பு, அங்கே 95 ரான்தான் (ரான் என்பது நாக்கிங்கைத் தாங்கும் ஆக்டேன் எண்) சாதாரண பெட்ரோல், 98ம் எளிதில் கிடைக்கும். முனிச்சில் 20 செல்சியஸில் 12 டிகிரி தாங்கும் என்ஜின் சத்துவாச்சாரியில் 41 செல்சியஸில் 12 டிகிரி தாங்காது. கோப்பில் 12 என்று எழுதியிருக்கும், ஈசியூ 8 கொடுக்கும், நீங்கள் 12க்குப் பணம் கட்டியிருப்பீர்கள். நாக் சென்சார்தான் இருக்கிறதே என்பார்கள். அது தடுக்கி விழும்போது பிடிக்கும் கை. தினமும் அதிலேயே சாய்ந்து நடக்கக்கூடாது. ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் ஒரு நாக் நடந்து முடிந்திருக்கிறது.

அப்படியானால் டைமிங்கை நிறையப் பின்னுக்கு இழுத்து வைத்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. தாமதமாக எரியும் கலவை சூட்டைப் பிஸ்டனுக்குக் கொடுக்காமல் எக்ஸாஸ்ட் வழியே டர்போவின் டர்பைனுக்குத் தள்ளும். பெட்ரோல் டர்போக்கள் பல 950 செல்சியஸைச் சுற்றித்தான் தாங்கும் எல்லையை வைத்திருக்கின்றன. கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அந்த வழியில்தான் நிற்கிறது. முன்னால் போனால் பிஸ்டன், பின்னால் போனால் டர்போ. நடுவில் இருக்கும் சந்து நம் ஊர் வெயிலில் இன்னும் குறுகுகிறது.

டைனோ மேப்பின் அருமை அந்தச் சந்தை அளந்து பார்ப்பதில் இருக்கிறது. வண்டியை உருளை மேல் கட்டி, ஒவ்வொரு சுமையிலும் அரை டிகிரி, ஒரு டிகிரியாக முன்னால் தள்ளிப் பார்க்கிறார்கள். டார்க் ஏறுவது நின்றாலோ நாக்கிங் தலைகாட்டினாலோ அவர்களும் நிற்கிறார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: அந்த உச்சத்துக்கு அருகில் வளைவு ஏறக்குறையத் தட்டை. கடைசி இரண்டு மூன்று டிகிரி ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் தருவதில்லை, ஆனால் நாக்கிங்குக்கு மிச்சமிருந்த இடைவெளியை முழுதாகத் தின்றுவிடும். அந்த இரண்டு டிகிரியை வேண்டாம் என்று சொல்லும் ட்யூனர்தான் எனக்கு வேண்டும். அதைச் சொன்னால் அவருடைய பிரின்ட்அவுட்டில் குதிரைகள் குறையும், ஆகவே எல்லோரும் சொல்வதில்லை.

பெங்களூர் டைனோவில் இன்னொரு விஷயம். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், காற்று லேசானது, காலை குளிர்ச்சி. வேலூர் இருநூறு மீட்டர் சுமார். டர்போ வண்டியின் ஈசியூ உயரத்துக்கு ஏற்ப ஓரளவு சரிசெய்துகொள்ளும், ஆனால் வெப்பத்தை டைனோ அறை காட்டித் தராது. முன்னால் பெரிய விசிறி, ஒரு ஓட்டம் பத்து பதினைந்து வினாடி, அப்புறம் ஓய்வு. போகிற வழியில் ஆம்பூர், வாணியம்பாடி மதியத்தில் அரை மணி நேரம் வெந்த இன்டர்கூலரின் நிலைமை அங்கே வராது. சென்னை டைனோ என்றால் வேறு கதை. அங்கே ஈரக் காற்று, காற்றிலிருக்கும் ஈரப்பதம் நாக்கிங்கைச் சற்று அடக்கும். நம் ஊர் ஏப்ரல், மே காற்று வறண்ட காற்று, அந்தச் சலுகையும் இல்லை. எனவே எங்கே ட்யூன் செய்தாலும், காற்று வெப்பத்துக்கான டைமிங் திருத்த அட்டவணையில் 55, 65, 75 செல்சியஸில் எத்தனை டிகிரி குறைத்திருக்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

இனி நான் சேர்த்த நான்காவது வழி. பெட்ரோலில் தொடங்குவோம். பிஎஸ் 6 மாசு விதி வந்தபோது சாதாரண பெட்ரோல் 91 ரான். 20 சதவீத எத்தனால் கலந்த பிறகு அது 95 என்று மத்திய அரசே 2025இல் சொன்னது. எத்தனாலின் ரான் சுமார் 108, ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது, டைமிங்குக்கு அது நல்ல செய்தி. கெட்ட செய்தி: லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே இன்ஜெக்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய ஈசியூக்கள் பலவற்றில் முழு மிதியில் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை அப்போதைக்கப்போது கேட்காது, முன்பே கற்று வைத்த திருத்தத்தை வைத்துத்தான் ஓட்டும். அங்கே கலவை மெலிந்தால் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போனால்) ஆக்டேன் கொடுத்த லாபம் போய்விடும். என் லீனியா, அவன் போலோ இரண்டுமே இ20க்கு (இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு) முந்தைய காலத்து வண்டிகள், ரப்பர் குழாய்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

97, 99, 100 ஆக்டேன் பெட்ரோல்? மேப் மாற்றாத வண்டியில் அது புதிதாக எதையும் கூட்டாது, வெயில் பிடுங்கியதை மட்டும் திருப்பித் தரும். மே மாதத்தில் அது தெரியும், டிசம்பரில் தெரியாது. ஆனால் 100 ஆக்டேனை நம்பி மேப் எழுதிக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். அது எல்லா பங்கிலும் கிடைக்காது. ஜவ்வாது மலை ஏறிவிட்டுக் கீழே இறங்கினால் கிடைத்ததைத்தான் போட முடியும்.

அப்புறம் வண்டி. நான் பெட்டியைக் கழற்றிய வாரம் பாய் செய்தது மூன்று வேலை. கூலன்ட்டைத் திறந்தார், உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. முந்தைய ஓனர் வருடக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரின் கடினம் குக்கர் அடியில் தெரியும். அதே படிவம் சிலிண்டர் ஹெட்டில் ஒட்டினால் எரியறையின் சுவர் ஆறாது, ஆறாத சுவர் நாக்கிங்கின் தாய்வீடு. கழுவி, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றினார். இரண்டாவது, இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் மூன்றின் இடுக்கிலும் ஒட்டியிருந்த மண், பூச்சி எல்லாவற்றையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மூன்றாவது, புது பிளக், இடைவெளியைச் சரிபார்த்து. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. “வண்டி டிகிரி கொடுக்கணும்னா முதல்ல நல்ல தண்ணி குடிக்கணும் தம்பி.”

பலன் இருந்ததா என்று எப்படித் தெரியும்? புளூடூத் ஓபிடி அடாப்டர், ஒரு ஆப். டைமிங் அட்வான்ஸ், உள்வரும் காற்றின் வெப்பம், பூஸ்ட் அழுத்தம், ஆர்பிஎம் நான்கையும் பதிவு செய்ய வேண்டும். பொதுவான ஓபிடியில் தெரிவது முதல் சிலிண்டரின் அட்வான்ஸ் மட்டும். வோக்ஸ்வாகன் வண்டிகளில் அதற்கான ஸ்கேனர் மென்பொருள் ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை டிகிரி பிடுங்கப்பட்டது என்றே காட்டும், அது இன்னும் நல்லது. பக்கத்தில் ஒருவர் போனைப் பிடித்துக்கொள்ளட்டும். காலியான நேரத்தில், வேக வரம்புக்குள், மூன்றாம் கியரில் 2,000இலிருந்து ஒரே மிதி. ஒருமுறை அதிகாலை, அதே இடத்தில் ஒருமுறை மதியம் மூன்று மணி. என் வண்டியில் சுத்தம் செய்யுமுன் காலையில் 3,500 ஆர்பிஎம்மில் 11 டிகிரி, மதியம் 6. செய்த பிறகு காலையில் அதே 11, மதியம் 9. விளம்பரத்தில் போட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆம்பூர் மேம்பாலத்தில் நாலு பேரோடு ஏறும்போது தெரிந்தது.

அப்புறம்தான் நான் டைனோ மேப் போட்டேன். பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றி, டைமிங்கை உச்சத்துக்கு இரண்டு டிகிரி முன்பே நிறுத்தச் சொன்னேன். நண்பர்களின் பிரின்ட்அவுட்டைவிட என்னுடையதில் எண்கள் சிறியவை. மதியம் மூன்று மணிப் பதிவில் காலைக்கும் மதியத்துக்கும் ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். எந்த ட்யூனிங்கையும் நான் இப்போது அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

தம்பியின் போலோவுக்கு இரண்டு தனிக் கவலைகள் உண்டு. அது டைரக்ட் இன்ஜெக்ஷன், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. குறைந்த ஆர்பிஎம்மில் பலமாக மிதித்தால், பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு நோய் இந்த வகை டர்போக்களுக்கு உண்டு. பொறிக்கு முன்பே நடப்பதால் டைமிங்கை எவ்வளவு குறைத்தாலும் அது நிற்காது. அதைத் தடுக்கும் சோதனையில் தேறிய ஏபிஐ எஸ்பி தர ஆயில், 2020இல் வந்தது, அதை ஊற்ற வேண்டும். 1,700 ஆர்பிஎம்மிலேயே மலை போல டார்க் தருகிறோம் என்று சொல்லும் மேப்பைத் தவிர்க்க வேண்டும். இரண்டாவது அந்த டிஎஸ்ஜி. உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டர்தான் அதன் எல்லை. காட்பாடி ரயில்வே பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது அது படும் பாடு தனிக் கதை.

வாரன்டியில் இருக்கும் புது டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: முதல் மூன்று வழியும் வேண்டாம். வோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் மென்பொருள் மாறியது தெரிந்தால் கம்பெனிப் பதிவில் டிடி1 என்று ஒரு குறி விழும், வாரன்டி பேச்சு அதோடு முடியும். எந்த வண்டியானாலும் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் தம்பி ஒத்துக்கொண்டான், அரை மனதாக. கூலன்ட், பிளக், எஸ்பி ஆயில், இன்டர்கூலர் வேலைகளை முடித்திருக்கிறான். ஏப்ரலில் எடுத்த பதிவில் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் மதியம் நாலு டிகிரி பிடுங்கியிருக்கிறது, மற்ற மூன்றில் ஒன்றரைக்கு மேல் இல்லை. அது வெயில் இல்லை, அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரோ வால்வில் படிந்த கரியோ. 35,000 கொடுத்து மேப் போட்டிருந்தால் அந்த நாலு டிகிரியை மறைத்துக்கொண்டே மேப் ஓடியிருக்கும். அடுத்த வாரம் பாயிடம் கொண்டுபோகிறோம். பெங்களூர் டைனோவுக்கு அவன் கேட்டிருக்கும் தேதி மே கடைசி. இன்டர்கூலர் நன்றாக வெந்தே போய்ச் சேரட்டும் என்று மதியம் ஒரு மணிக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.